பல்லி ஒன்பது மணிக்குத் திறக்கும்

லிஃப்டம்மா என்றுதான் எல்லாரும் அவளைக் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவள். தன் கைபட்ட லிஃப்ட் எதுவும் நடுவழியில் நின்றதாகச் சரித்திரம் கிடையாது என்று அவளே சொல்லிக்கொள்வாள். மறுத்துச் சொல்ல இதுவரை ஒருத்தரும் முன்வரவில்லை. ஐம்பத்தாறாவது வயதில் வேலையை விட்டுவிட்டு, கலைக்கூடத்தில் வைக்க ஒரு மெஷின் செய்யப்போகிறேன் என்றபோது, வீட்டுக்காரர் கையிலிருந்த பேப்பரை மடக்காமலே அது என்ன செய்யும் என்று கேட்டார். கதவு மூடும் என்றாள். அதைத்தானே முப்பத்தொரு வருஷமாகச் செய்தாய் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

அவர் சொன்னதில் பெரிய தப்பில்லை. எந்தக் கதவு எப்போது மூட வேண்டும், யார் விரலும் நசுங்காமல் எப்படி மூட வேண்டும் என்பதுதான் லிஃப்டில் பாதி வேலை. அதே மூளையை வைத்துத்தான் இதையும் செய்தாள். கலைக்கூடத்தின் நீளச் சுவரில் மூன்று வரிசை ஜன்னல்கள், வரிசைக்கு இருபது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வார்த்தை தெரியும். கண்ணாடிக்கு முன்னால் சின்னதாக ஒரு மரக்கதவு, அதற்கொரு குட்டி மோட்டார். வருகிறவர் மைக்கில் ஒரு வாக்கியம் பேசினால், அது மூன்று வரிசையிலும் வார்த்தை வார்த்தையாக வந்து நிற்கும். பிறகு கதவுகள் விழ ஆரம்பிக்கும். இந்த நாட்டு இணையத்தில் எதை விடமாட்டார்களோ, அதை மேல் வரிசை மூடும். நடு வரிசை, அவளுடைய அக்கா வாழ்க்கைப்பட்டுப் போன நாட்டின் சட்டப்படி மூடும். கீழ் வரிசை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. உலகத்தில் பாதிப் பேர் படம் போட்டுக் கதை பேசுகிற ஒரு பெரிய கம்பெனியின் சட்டம் அது.

வெள்ளோட்டம் பார்த்த நாளில் ஒரு நர்ஸ் வந்து, குழந்தைக்கு மார்புச் சளி, இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றாள். கீழ் வரிசையில் மார்பு மட்டும் டப்பென்று மூடிக்கொண்டது. பஸ் டிரைவர் ஒருத்தர், காலையிலிருந்து ஒரே கூட்டம் என்றார். நடு வரிசையில் கூட்டத்தைக் காணோம். வீட்டுக்காரரும் வேண்டாவெறுப்பாக மைக் முன்னால் வந்து நின்று, ஏன் இப்படி என் உயிரை வாங்குகிறாய் என்று தினமும் சொல்கிறதையே சொன்னார். கீழ் வரிசையில் நாலு கதவு விழுந்து, அடியில் ‘நீங்கள் தனியாக இல்லை, உதவிக்கு அழையுங்கள்’ என்று ஒரு போன் நம்பரும் வந்தது. மனுஷன் ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒன்றை மட்டும் லிஃப்டம்மா கவனித்து வைத்தாள். வந்தவர்கள் தங்களுக்குப் பழகின வரிசையைப் பார்க்கும்போது, மூட வேண்டியதுதானே என்று தலையாட்டினார்கள். மற்ற இரண்டையும் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

நடு வரிசை முழுக்க அக்காவின் கைவேலை. அக்கா அவளுக்கு ஐந்து வயது மூத்தவள். அங்கே பாடப்புத்தக அச்சகத்தில் இருபத்தொன்பது வருஷமாகப் பிழை திருத்துகிறாள். பிழை திருத்துவது பாதி வேலை. வருஷா வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். அதிலிருக்கிற வார்த்தைகளைப் புத்தகத்திலிருந்து அடித்துவிட்டு வேறு வார்த்தை போடுவது மீதி வேலை. அந்த வார்த்தைகளை வீட்டு விசேஷம் விசாரிக்கிற கடிதங்களுக்குள் ஒன்றிரண்டாகக் கலந்து, இரண்டு வருஷத்தில் முழுப் பட்டியலையும் தங்கைக்கு அனுப்பி முடித்தாள். முடித்த கையோடு ஒன்று கேட்டாள்.

“இத்தனை வருஷமா நான் அடிச்ச வார்த்தையை எல்லாம் ஒரு தடவையாவது என் வாயால சொல்லணும்டி. என் பேர் வேண்டாம், என் குரல் வேண்டாம். வார்த்தை மட்டும் வெளிய வந்தா போதும்.”

லிஃப்டம்மா முதலில் வேண்டாம் என்றாள். மாட்டிக்கொண்டால் அங்கே வேலை மட்டும் போனால் பரவாயில்லை. ஆனால் அக்கா ஒன்றில் கால் வைத்தால் பின்வாங்குகிற ரகம் கிடையாது. அதனால் தடுப்பதை விட்டுவிட்டு ஏற்பாட்டைப் பலமாகச் செய்தார்கள். அக்காவின் அச்சகத்தில் வெளிநாட்டுப் புத்தகங்களைச் சரிபார்க்க ஓர் அறையில் வெளிநாட்டு இணையத்துக்கு ஒரு லைன் உண்டு. மூன்று மாசத்துக்கு ஒரு முறை, அரை நாள், அவள் பெயருக்கு ஒதுக்குவார்கள். கண்காட்சி திறக்கிற நாளை அந்த நாளுக்கே வைத்தாயிற்று. அக்கா பேசுவது முதலில் எழுத்தாக மாறும். அந்த எழுத்தை மெஷின் தன் குரலில் வாசிக்கும். அக்காவின் குரல் கூடத்துக்குள் வரவே வராது. அக்கா தன் பக்கத்தில் லைனை மூட வேண்டுமானால் நாலு தடவை அமுக்கி ரகசிய எண்ணும் போட வேண்டும். லிஃப்டம்மா பக்கத்தில் ஒரே ஒரு சிவப்பு சுவிட்ச். அதைத் தட்டினால் அக்காவின் திரையில் எல்லாம் மறைந்து பாடப்புத்தகப் பக்கம் மட்டும் நிற்கும்.

எப்போது தட்டுவது என்பதற்குத்தான் அடையாளம் வேண்டியிருந்தது. ஏதாவது ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டால் அதுவும் ஒரு நாள் பட்டியலில் ஏறிவிடும் என்றாள் லிஃப்டம்மா. அக்கா யோசிக்கவேயில்லை.

“ஆள் யாராவது உள்ள வந்தா நான் உன்னை ‘நீங்க’ன்னு கூப்பிடுவேன். அடுத்த நிமிஷம் அணைச்சிடு.”

பிறந்ததிலிருந்து அக்கா அவளை வாடி போடி என்றுதான் பேசியிருக்கிறாள். மரியாதை கொடுத்ததே கிடையாது. மரியாதையைத் தடை செய்கிற பட்டியல் உலகத்தில் எங்கே இருக்கிறது? இரண்டு பேரும் தங்கள் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டார்கள். ஆனால் ஒன்று: அவசரப்பட்டு அணைத்தால் மறுபடி மூன்று மாசம் காத்திருக்க வேண்டும். அக்கா ஓய்வு பெற இன்னும் ஐந்தே மாசம்.

திறப்பு நாள் காலை பதினொரு மணிக்குக் கூடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். கூடத்தின் நிர்வாகி, இஸ்திரி கலையாத பெண்மணி, முதல் வரிசையில் நின்றாள். எழுத்து மாற்றுகிற கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது லிஃப்டம்மாவின் கொழுந்தன். நாற்பது வயது, சாஃப்ட்வேர் வேலை, யாரிடமும் அதிர்ந்து பேசாதவன். அண்ணியின் ஒயர்கள் ஒரு பக்கம், அவன் கம்ப்யூட்டர் ஒரு பக்கம் என்று இரண்டு பேருக்கும் எல்லை போட்ட மாதிரி ஒப்பந்தம்.

பெயர் சொல்ல முடியாத ஒருவர், பெயர் சொல்ல முடியாத ஓர் ஊரிலிருந்து பேசுவார் என்று மட்டும் நிர்வாகி அறிவித்தாள். லிஃப்டம்மா மைக்கில், பேசுங்கக்கா, கேட்குது என்றாள். அக்கா என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. கறிகாய் விற்கிறவளும் அக்காதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளும் அக்காதான். அவள் ‘பேசுங்க’ என்றது கூட்டத்துக்காக. தங்கையிடமிருந்து வருகிற மரியாதை கணக்கில் சேராது என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

ஜன்னல்களில் எழுத்து வந்தது. மெஷின் தேன் தடவின குரலில் வாசித்தது.

“வணக்கம், அன்புத் தோழியே. தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?”

லிஃப்டம்மாவின் கை சிவப்பு சுவிட்சுக்குப் போய்விட்டது. ஆரம்பிக்கும்போதே ஆள் வந்துவிட்டதா? விரல் சுவிட்சின் மேல் பட்டும் படாமல் நின்றது. ஏனென்றால், அன்புத் தோழியாவது தாங்களாவது. பின்னால் பட்டாளமே வந்து நின்றாலும் அக்கா வாயில் இந்தச் சொற்கள் வராது. அதிகம் போனால், ‘என்னங்க, நல்லா இருக்கீங்களா’ என்பாள். எங்கேயோ ஒயர் மாறியிருக்கிறது. அவள் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் முகமெல்லாம் பெருமையாக நின்றான்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று பல்லுக்குள் கேட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் ஒரு சின்னத் திருத்தம் போட்டிருக்கிறேன் என்றான். வெள்ளோட்டத்தை நிர்வாகி பார்த்தாராம். இத்தனை பெரிய சுவரில் ‘என்னடி’, ‘வந்துச்சு’, ‘போச்சு’ என்றெல்லாம் வந்தால், இவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாதா என்று வந்தவர்கள் நினைப்பார்கள் என்று சங்கடப்பட்டாராம். அவனுக்கும் அது நியாயமாகப் பட்டது. பேச்சுத் தமிழ் உள்ளே போனால் எழுத்துத் தமிழாக வெளியே வரும். நீ என்றால் தாங்கள் ஆகும். டி என்றால் தோழி ஆகும். திட்டு ஏதாவது வந்தால் எழுத்தே வராது, வெறும் கண்ணாடி நிற்கும். ஒரு பிழை இருக்காது அண்ணி என்று முடித்தான்.

லிஃப்டம்மாவுக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. அக்கா ‘நீ’ என்றாளா ‘நீங்க’ என்றாளா? இனி அது தெரிய வழியில்லை. எல்லாப் பேச்சும் பன்னீரில் முக்கித்தான் வெளியே வரும். திருத்தத்தை எடுக்க முடியுமா என்றாள். எடுக்கலாம், ஆனால் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டும், லைன் போய்விடும் என்றான். எண்பது பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் நேராகக் கேட்கவும் முடியாது. உண்மையிலேயே அங்கே ஆள் இருந்தால் அந்தக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும்.

அவள் கண்ணை மூடி ஒயரைத் தொடர்ந்து போனாள். லிஃப்ட் நின்றால் அப்படித்தான் செய்வாள். எது எங்கே போகிறது, எங்கே அறுந்தது.

“கதவு மோட்டாருக்குப் போறது எது? நீ திருத்தினதா, அசல் பேச்சா?”

“அசல்தான் அண்ணி. உங்க ஒயரை நான் தொடவே இல்லை. தொட்டா கையை முறிச்சிடுவீங்களே.”

போதும். எழுத்து பொய் சொல்லலாம், குரல் பொய் சொல்லலாம், கதவு சொல்லாது. நீயா நீங்களா என்பதற்குக் கதவு அசையாதுதான். ஆனால் திட்டுக்கு விழும். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு அக்கா திட்டமாட்டாள். தனியாக இருந்தால் திட்டாமல் இருக்கமாட்டாள். ஆக, அக்காவுக்குக் கோபம் வர வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே இருபத்தொன்பது வருஷமாக யாரும் செய்ததில்லை.

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ‘பள்ளி ஒன்பது மணிக்குத் திறக்கும்’ என்று ஒரு வரி. அச்சாகி வந்தபோது அது ‘பல்லி ஒன்பது மணிக்குத் திறக்கும்’ என்றிருந்தது. முதல் கட்டு வெளியே போகுமுன் யாரோ பார்த்து நிறுத்திவிட்டார்கள். தான் திருத்திக் கொடுத்தும் அச்சுக் கோத்தவன் பழைய பக்கத்தையே போட்டுவிட்டான் என்பது அக்காவின் கட்சி. அச்சகத்தில் அதை யாரும் நம்பவில்லை. வீட்டில் நம்பினார்கள், ஆனால் நம்புகிறோம் என்று சொல்லும்போது யாருக்காவது சிரிப்பை அடக்கி உதடு துடித்துவிடும். அப்படித் துடித்த ஒரு சித்தப்பாவுடன் அக்கா ஆறு வருஷம் பேசவில்லை.

லிஃப்டம்மா மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.

“அக்கா, ஒரு சந்தேகம். பல்லி எத்தனை மணிக்குத் திறக்கும்?”

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நிர்வாகி பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சமாதானம் சொன்னாள். நாலு விநாடி சுவர் சும்மா இருந்தது. லிஃப்டம்மாவின் விரல் மறுபடி சுவிட்சைத் தேடியது.

பிறகு ஆரம்பித்தது பாருங்கள். மேல் வரிசையில் எழுத்தே இல்லாத வெறும் கண்ணாடிகள் மேல் டப் டப்பென்று ஏழு கதவுகள் விழுந்தன. கீழ் வரிசையில் பதினொன்று. அறை வாங்குகிற மாதிரி சத்தம். நடு வரிசையில் மட்டும் ஒன்றுகூட அசையவில்லை. அந்த நாட்டில் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்ளத் தடை இல்லை. மெஷின், மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு அதே தேன் குரலில் வாசித்தது:

“மதிப்பிற்குரிய தோழியே. தாங்கள் ஒரு. தங்கள் பற்களை. இத்தனை பேர் முன்னிலையில். தாங்கள். நன்றி.”

கூடம் வெடித்துச் சிரித்தது. லிஃப்டம்மா சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு கதவு. அறையில் அக்கா தன்னந்தனியாக இருக்கிறாள்.

மன்னிச்சுக்கக்கா, நீங்க ஆரம்பிங்க என்றாள்.

அக்கா தன் வார்த்தைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் கூட்டம். அதை அடித்துவிட்டு ‘மக்கள் வருகை’ என்று போடச் சொன்னார்கள் என்றாள். நடு வரிசையில் கூட்டம் மூடியது. மேலும் கீழும் திறந்தபடி நின்றது. அடுத்து சங்கம். அதற்கடுத்து வறட்சி. ஐந்தாவதாகப் பசி. ஒன்றாம் வகுப்புப் பாடத்தில் ஒரு குழந்தை ‘அம்மா, பசிக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். இப்போது அந்தக் குழந்தை ‘அம்மா, உணவு நேரம்’ என்று சொல்கிறதாம். அதை அடித்த அன்றைக்கு நான் மதியம் சாப்பிடவில்லை, வேறொன்றும் செய்யவில்லை என்று மெஷின் வாசித்தது. பசி மேல் கதவு விழுந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வந்தவர்களில் ஒரு வக்கீல் கை தூக்கினார். மேல் வரிசை மூடுவதெல்லாம் கெட்ட வார்த்தை, அதை இதோடு சேர்க்கலாமா, நம் ஊரில் நல்லதற்குத்தானே மூடுகிறார்கள் என்று கேட்டார். இங்கேயும் நல்லதற்கு என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பதில் வந்தது. வக்கீல் தூக்கின கையை இறக்கிக்கொண்டார்.

லிஃப்டம்மா அசந்திருக்கவில்லை. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை ஊசி குத்திப் பார்த்தாள். பல்லிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா என்று கேட்டாள். ஒன்பது கதவு விழுந்தது. பல்லியில் சீருடை உண்டா என்று கேட்டாள், பன்னிரண்டு. என்ன பல்லி, என்ன சண்டை என்று தெரியாமலே கூட்டம் அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. கொழுந்தன்கூடத் தன் திருத்தத்துக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்துக்கொண்டு லேசாகத் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டான்.

பதினான்காவது வார்த்தை வேலைநிறுத்தம். நடு வரிசை மூடியது. லிஃப்டம்மா தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டு மைக்கருகே வந்தாள்.

“ஏங்கக்கா, பல்லியில எத்தனை வாத்தியார்?”

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. ஒரு விநாடி. இரண்டு. எந்தக் கதவும் விழவில்லை. மெஷின் வாசித்தது:

“ஆம். அது என்னுடைய பிழைதான். இனி நேராது.”

சிலர் சிரித்தார்கள். சண்டை சமாதானத்தில் முடிந்தது என்று கைகூடத் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் முடிவதற்குள் லிஃப்டம்மா சுவிட்சைத் தட்டிவிட்டாள். திருத்தம் நீயைத் தாங்களாக்கும், திட்டை முழுங்கும். ஆனால் இல்லை என்பதை ஆம் ஆக்காது. அக்கா அந்தப் பிழையைத் தன் பிழை என்று சொல்கிறாள் என்றால், அவள் தோளுக்குப் பின்னால் ஆள் நிற்கிறது.

எழுத்து போயிற்று. குரல் போயிற்று. மின்சாரம் நின்றால் அருகிலிருக்கிற மாடியில் நின்று கதவு திறக்க வேண்டும் என்பது லிஃப்ட் பாடத்தில் முதல் பாடம். அந்தப் பழக்கத்தில்தான் அவள் இதையும் அமைத்திருந்தாள். அறுபது கதவும் ஒரே சமயத்தில் திறந்துகொண்டன. பின்னால் ஒன்றுமில்லாத அறுபது கண்ணாடி.

நிர்வாகி அவசரமாக வந்து என்ன ஆயிற்று மேடம் என்றாள். லிஃப்டம்மா எண்பது பேரையும் பார்த்து நின்றாள். இதற்கும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்து லைனைக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் யாராவது அங்கே போய்த் தோண்டுவார்கள்.

“மெஷின் பழுதாயிடுச்சு. தப்பு என்னோடதுதான்.”

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. கொழுந்தன் கிட்டே வந்து, பழுதெல்லாம் ஒன்றும் இல்லையே அண்ணி, எல்லாம் ஒழுங்காகத்தானே ஓடியது என்றான். நீ கொஞ்சம் சும்மா இரு என்றாள். என் திருத்தத்தாலா என்றான். பாதி என்றாள். அவன் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டான். நிர்வாகி ஒரு அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். லிஃப்டம்மா தன் கையாலேயே எழுதி வாசலில் மாட்டினாள்: ‘இயந்திரத்தில் பழுது. நாளை வழக்கம்போல் இயங்கும்.’

ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. போன் வரவில்லை. அவள் பெட்டியைத் திறந்து, எண்ணெய் தேவைப்படாத கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டாள். வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உயிரை வாங்குகிறாய் என்ற பேச்சையே எடுக்காமல், நாற்பதாவது கதவு கொஞ்சம் இழுக்கிறது பார் என்று ஒரு கதவைக் காட்டினார். அது இழுக்கவில்லை. ஆனாலும் அவள் கழற்றி மாட்டினாள்.

நாலேகாலுக்கு அக்கா வீட்டு மாமாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. மாமா எப்போதும் போல, வெயில் எப்படி, சகலைக்கு முதுகுவலி எப்படி என்று விசாரித்தார். பின்னாலிருந்து யாரோ பிடுங்குகிற சத்தம்.

“என்னடி, சாப்பிட்டியா?”

லிஃப்டம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டதாகப் பொய் சொன்னாள்.

போனில் பேசக்கூடியதை மட்டும் பேசுவது அந்த அக்கா தங்கைக்குக் கைவந்த கலை. பிரிவுத் தலைவர் பக்கம் நாற்பத்திரண்டைக் கேட்டு வந்தாராம். பத்து நிமிஷம் பின்னாலேயே நின்றாராம். திரையில் பக்கம் நாற்பத்திரண்டுதான் இருந்ததாம். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனாராம். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டாராம். அச்சுக்காரரிடம், ஒரு பழைய பிழை பற்றி என்றாளாம். சொல்லிவிட்டு அக்கா கொஞ்சம் மூச்சு விட்டாள்.

“ஏண்டி, நாலு பேர் முன்னால என்னை அதைச் சொல்ல வெச்சிட்டியே. நான்தான் ‘நீங்க’ன்னு சொன்னேனே, அது காதுல விழலையா?”

“காலையிலிருந்து நீ என்னைத் தாங்கள்னுதான் சொல்லிட்டிருந்தே.”

கொழுந்தன் செய்ததை அவள் விவரித்தாள். சிரிக்கிறாளா கொதிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு அக்கா, வேலையை விட்டுக்கொடுக்காதவள், மெதுவாகக் கேட்டாள்.

“சந்தி எல்லாம் ஒழுங்காப் போட்டுச்சா?”

“ஒரு தப்பு இல்லைக்கா.”

“ம். உன் கொழுந்தனை இப்போதைக்கு அடிக்காதே.” கூடவே, “அந்தப் பிழை அச்சுக்காரன் செஞ்சதுன்னு அங்க ஒரு போர்டு வெச்சிடேன்.”

“முடியாதுக்கா.”

“தெரியும். கேட்டேன், அவ்வளவுதான்.”

“நானும் வாசல்ல ஒரு போர்டு வெச்சிருக்கேன். என் மெஷின் பழுதுன்னு.”

“உன் மெஷினா?”

“ஆமா.”

“பழுதுன்னு நீயே எழுதினியா?”

“என் கையாலேயே.”

அந்தப் பக்கம் மாமா தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது மட்டும் கேட்டது. பிறகு அக்கா, விசேஷத்துக்கு வர வேண்டியவர்கள் இன்னும் ஒன்பது பேர் பாக்கி என்றாள். லிஃப்டம்மா எண்ணிப் பார்த்தாள். பட்டியலில் இருபத்துமூன்று, பதினாலு முடிந்தது. மூன்று மாசம் கழித்து அழைத்துவிடலாம் என்றாள். கொழுந்தனின் மரியாதையை அதற்குள் கழற்றி எறிந்துவிடுவதாகவும் சொன்னாள்.

வேண்டாம், இருக்கட்டும் என்றாள் அக்கா. மரியாதையாகப் பேசினால் பார்க்கிறவனுக்கும் சந்தேகம் வராது. கதவு மட்டும் உன் கையில் இருந்தால் போதும்.

“ஆனா வேற சண்டை ஒண்ணு பார்த்து வை. பல்லி இனிமே செல்லாது. ஒத்துக்கிட்டாச்சு.”

நமக்கா சண்டைக்குப் பஞ்சம் என்றாள் லிஃப்டம்மா. மீதமிருந்த அட்டையை மடியில் வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

“சைக்கிளை யார் முதல்ல ஓட்டினதுங்கறது?”

“அதுல என்னடி சண்டை? நான்தான்.”

“சரி, எழுதிக்கிட்டேன்.”